மூலை கிள்ளாத அட்டை

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த வேலை, கணினியின் விசிறியைக் கழற்றித் துடைத்ததுதான்.

டெரிக் பெட்டியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். மகள் தானியா பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டினாள். தூசி என்பதைவிடப் பஞ்சு என்று சொல்லலாம். பட்டறையின் எண்ணெய்ப் புகையும் வாவிக் காற்றின் ஈரமும் சேர்ந்து ஒட்டிய பஞ்சு. திரும்பப் பூட்டும்போது நான்கு திருகாணிகளில் ஒன்று மேசைக்குக் கீழே உருண்டு எங்கேயோ போய்விட்டது.

"மூணு காணும், நாலு தேவல்ல," என்றார் டெரிக்.

"காணாது டடா. ஆடும்."

"ஆடட்டும். படகு எஞ்சினே மூணு போல்ட்டில ஓடுது. இது சும்மா காத்து அடிக்கிற சாமான்."

விசிறி ஓடியது. கொஞ்சம் ஆடவும் செய்தது. கணினியில் கட்டியிருந்த அட்டைத் துண்டை டெரிக் கையில் எடுத்தார். மருந்துப் பெட்டியை வெட்டிச் செய்த அட்டை. அதில் 'விசிறி சத்தம். தானியா வந்ததும் பார்க்க' என்று எழுதியிருந்தது. அவருடைய பட்டறைக்கு வரும் ஒவ்வொரு சாமானிலும் இப்படி ஓர் அட்டை மெல்லிய கம்பியில் தொங்கும். யாருடையது, என்ன கோளாறு, என்ன செய்ய வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். வேலை முடிந்ததும் அட்டையின் ஒரு மூலையைக் கிள்ளி எறிந்துவிடுவார். மூலை போன அட்டை என்றால் அந்தச் சாமானைப் பற்றி இனி யோசிக்க வேண்டியதில்லை.

மூலையைக் கிள்ளினார். தானியா கைகழுவிவிட்டுக் கொழும்பு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். அந்த மூன்று மணி நேரத்தில் இருவரும் டெரிக் போட்டிக்குச் செய்த அந்த வரைபடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் சண்டை வரும் என்று இருவருக்கும் தெரியும்.

வியாழக்கிழமை காலை பத்தரைக்கு டெரிக் பட்டறைக் கதிரையில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். அறுபத்து மூன்று வயது.

தாண்டவன்வெளியில் வீட்டோடு ஒட்டிய பட்டறை அது. நீர்ப்பம்புகளும் படகு எஞ்சின்களும் அங்கேதான் திருத்தினார். அவருடைய தகப்பனும் அதே இடத்தில் இரும்பு வேலை செய்தவர். வாவிக்கு அந்தப் பக்கத்து விவசாயிகள் பம்பைக் கொண்டுவருவார்கள். இந்தப் பக்கத்து மீனவர்கள் எஞ்சினைக் கொண்டுவருவார்கள். மாரி காலத்தில் இரண்டு கூட்டமும் ஒரே மர வாங்கில் இருந்துகொண்டு, வாவி கடலில் சேரும் முகத்துவாரத்தை இன்றைக்கு வெட்டுவதா அடுத்த கிழமை வெட்டுவதா என்று கத்திக்கொண்டிருக்கும். டெரிக் யார் பக்கமும் பேசமாட்டார். சத்தம் அளவுக்கு மீறினால் ஒரு எஞ்சினை இழுத்து ஸ்டார்ட் பண்ணிவிடுவார். அதற்குமேல் யாரும் பேச முடியாது.

பத்து வருடங்களுக்கு முன், கல்லடியில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கும் தனோஜன், யாரோ கைவிட்டுப் போன பழைய கணினி ஒன்றை அவருக்குக் கொடுத்தான். எஞ்சின் பாகங்களின் படங்களை அதில் பார்க்கலாம் என்பது எண்ணம். அதற்குள் ஏற்கெனவே ஒரு போர் விளையாட்டு இருந்தது. வீடு கட்டி, வயல் விதைத்து, மரம் தறித்து, படை சேர்த்து, எதிரியின் கோட்டையைப் பிடிக்கும் விளையாட்டு. டெரிக்குக்குப் படையில் அக்கறை இல்லை. ஒரு மாதத்துக்குள், விளையாட்டுக்குப் புதிய நிலங்களை வரையும் கருவி ஒன்று அதோடு சேர்ந்து வந்திருப்பதைக் கண்டுபிடித்தார். அதன்பிறகு அவர் விளையாடியதே குறைவு. நிலம் செய்தார். ஆறு வரைந்தார், அடுத்த நாள் அதைக் கொஞ்சம் வடக்கே நகர்த்தினார். மலை ஒன்று போட்டுப் பார்த்துவிட்டு, "மலையப் பத்தி நமக்கு என்ன தெரியும்" என்று அழித்தார்.

உலகம் முழுக்க இப்படிப் பொழுதுபோக்காக நிலம் வரைகிறவர்கள் சில நூறு பேர் இருந்தார்கள். அவர்களுக்கென்று ஓர் இணையத்தளமும் இருந்தது. டெரிக்கின் வரைபடங்களைத் தனோஜன் அதில் ஏற்றுவான். ஆங்கிலத்தில் எழுத வேண்டியதைத் தானியா எழுதுவாள். போன வருடக் கடைசியில் அந்தத் தளத்தில் ஒரு போட்டி வைத்தார்கள். கருப்பொருள், நீர்.

"இது நமக்கெண்டே வெச்ச போட்டி," என்றார் டெரிக்.

மூன்று மாதம் வேலை செய்தார். வரைபடத்துக்கு முகத்துவாரம் என்று பெயர் வைத்தார். வாவியின் வாய் மணல்மேட்டால் அடைபட்டிருக்கும். மழை பெய்யப் பெய்ய வாவி ஏறும். மண்வெட்டியோடு நாலு ஆட்களை அனுப்பி மேட்டை வெட்டிவிட்டால் தண்ணீர் கடலுக்கு ஓடும். முந்தி வெட்டினால் மீன் போய்விடும், உப்புத் தண்ணீர் உள்ளே வரும். பிந்தி வெட்டினால் மேற்குக் கரை வயல் தண்ணீரில் தாழும். எப்போது வெட்டுவது என்பதுதான் ஆட்டம். சண்டையெல்லாம் அதற்குப் பிறகு. அந்த மாதிரி ஒரு வரைபடத்தை அந்தத் தளத்தில் யாரும் செய்ததில்லை என்று தானியாவுக்குத் தெரியும். அவள் கொழும்பில் மென்பொருள் பரிசோதகராக வேலை செய்கிறாள். வேலைக்குச் செய்வதைப் போலவே நாற்பத்தொரு அம்சங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, எல்லாவற்றுக்கும் சரி போட்டாள்.

பெப்ரவரியில் முடிவு வந்தது. இருபத்தேழு வரைபடங்களில் முகத்துவாரம் இருபத்து நாலாவது.

தானியா அந்தக் கிழமை லீவில் வீட்டில் நின்றாள். தனோஜனின் கடையில் மூவரும் கூடினார்கள். நடுவர்களின் குறிப்புகளைத் தமிழில் சொல்லும் வேலை அவளுடையது.

"உள்ளத உள்ளபடி சொல்லு மகள்," என்றார் டெரிக்.

சொன்னாள். முதல் நடுவர்: நிலம் அழகு. இரண்டாவது நடுவர்: இருபதாவது நிமிடத்தில் என் ஊர் முழுக்கத் தண்ணீருக்குள் போய்விட்டது, காரணம் தெரியவில்லை, தடுக்க வழியும் இல்லை. மூன்றாவது நடுவர்: எனக்கும் அதேதான், இதை வரைந்தவர் ஒரு தடவைகூட விளையாடிப் பார்க்கவில்லை.

"என்னது?"

"விளையாடிப் பாக்கல்லயாம்."

"அறுவது தரம்!" டெரிக் எழும்பிவிட்டார். "அறுவது தரம் பாத்த! டேய் தனோஜன், சொல்லன்டா!"

"அறுவத்தி நாலு அங்கிள். நான் எழுதி வெச்சிருக்கன்."

"தண்ணி ஏறக்குள்ள இவனுகள் என்ன செய்தவனுகளாம்?"

"பாத்துக்கொண்டு நிண்டிருக்கானுகள் அங்கிள்."

"முழங்கால் மட்டும் தண்ணி வருது, மண்வெட்டி கையில கிடக்கு, பாத்துக்கொண்டு நிண்டவனாம். இவனெல்லாம் நடுவரா?"

"பனி நாட்டுக்காரனுகள் அங்கிள். பனிய வழிப்பானுகள். மண்ண வெட்டத் தெரியா."

"முதல் பரிசு ஆருக்காம்? காட்டு."

தனோஜன் திரையில் காட்டினான். வட்டமான ஏரி, நடுவில் ஒரு கோட்டை, நாலு பக்கமும் அச்சடித்த மாதிரி ஒரே கரை. டெரிக் நெருங்கி வந்து பார்த்தார்.

"அப்பம்," என்றார். "நடுவில முட்டையும் வெச்சிரிக்கான்."

தனோஜன் சிரித்தான். டெரிக் சிரிக்கவில்லை. பறங்கியரான தன் தாயிடமிருந்து வந்த போர்த்துக்கீச வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றார். அந்த வார்த்தைக்குப் பொருள் என்ன என்று தானியாவுக்குத் தெரியாது. அது எப்போது வரும் என்று மட்டும் தெரியும்.

கொழும்புக்குத் திரும்பும் பஸ்ஸில், பொலன்னறுவை தாண்டியபிறகு, பிழை எங்கே என்று அவளுக்கு விளங்கியது. அறுபத்து நாலு தடவையும் விளையாடிப் பார்த்தவர்கள் யார்? டெரிக், தனோஜன், தானியா. மூன்று பேரும் தண்ணீர் ஏறத் தொடங்கியதும் முதல் வேலையாக ஆட்களை மணல்மேட்டுக்கு அனுப்பினார்கள். அப்படி அனுப்ப வேண்டும் என்று வரைபடத்தில் எந்த இடத்திலும் இல்லை. அது ஒரு தகவல் என்றே மூவருக்கும் படவில்லை. தண்ணீர் ஏறினால் வாயை வெட்டுவது, மழை பெய்தால் உள்ளே வருவதைப் போல. எதுவுமே தெரியாத ஒருவனைக் கற்பனை செய்து பார்ப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். நாற்பத்தொரு அம்சங்களில் அந்த ஒருவன் இல்லை. மூன்றாவது நடுவர் சொன்னது பொய். ஆனால் முழுப் பொய் அல்ல. அதுதான் அவளை எரித்தது.

போட்டிக்காரர்கள் ஒரு வசதி வைத்திருந்தார்கள். மார்ச் முப்பத்தோராம் திகதிவரை திருத்திய வடிவத்தை அனுப்பலாம். நடுவர்கள் அதைத் திரும்பப் பார்த்துக் குறிப்பை மாற்றுவார்கள். அதன்பிறகு எல்லா வரைபடங்களும் நிரந்தரத் தொகுப்பில் சேரும். யாரும் எதையும் மாற்ற முடியாது. திருத்தாவிட்டால் முகத்துவாரம் அந்த ஒற்றை வரியோடுதான் அங்கே கிடக்கும்: வரைந்தவர் விளையாடிப் பார்க்கவில்லை.

தானியா அன்றே தகப்பனுக்குப் போன் எடுத்தாள்.

"தொடக்கத்திலயே திரையில ஒரு வசனம் போடுவம் டடா. 'தண்ணி ஏறினா மணல்மேட்ட வெட்டுங்க.' அவ்வளவுதான். அஞ்சு நிமிச வேல."

"விடைய எழுதிப்போட்டு சோதின வைக்கிறயா?"

"அவங்களுக்குத் தெரியாது டடா."

"தெரியாட்டி தெரியவைக்கணும். போர்ட் எழுதிப் போட்டில்ல. இஞ்ச தண்ணி ஏறினா ஆரு போர்ட் போடுற? வட்டைக்காரன் வருவான். தன்ட வயல் தாழுதெண்டு அரசாங்கக் கந்தோர் வாசல்ல நிண்டு சத்தம் போடுவான். அதக் கேட்டுத்தான் ஊருக்கே விளங்குற."

"அது உண்மையான ஊரு. இது விளையாட்டு."

"எனக்கு ரெண்டும் ஒண்டுதான்."

பின்னால் தாய் லோர்னாவின் குரல் கேட்டது: "ஒரு வசனம் எழுதினா என்ன, கையா முறிஞ்சிரும்? அப்பனும் மகளும் ஒரு கிழமையா இதத்தான் அரைக்கிறீங்க."

டெரிக் தான் சொன்னதையே செய்தார். அடுத்த வாரம் கோப்பு வந்தது. மேற்குக் கரை வயலிலிருந்து ஒரு விவசாயி புறப்படுகிறார். வரம்பு வழியாக நடந்து, வாவியை வள்ளத்தில் கடந்து, விளையாடுகிறவருடைய கோட்டை வாசலுக்கு வந்து நிற்கிறார். நடையும் சரியாக இருந்தது; சேற்றில் நடக்கும் நடை. வாசலில் நின்றதும் பேச்சுப் பெட்டி ஒன்று திறக்கிறது. பெட்டிக்குள் எதுவும் இல்லை.

"வசனம் எங்க டடா?"

"மறுகா எழுதுறன்."

"இப்பவே எழுதுங்களன். 'ஐயா, தண்ணி ஏறுது, மேட்ட வெட்டுங்க.'"

"அது நீ பேசுற பேச்சு. வயல்காரன் அப்பிடிச் சொல்லமாட்டான். கேட்டு எழுதணும்."

"ஆரிட்ட?"

"பொறு, ஆள் வந்திருக்கு," என்று போனை வைத்துவிட்டார்.

திரும்ப அவர் அழைக்கவில்லை. கோபத்தில் அவளும் அழைக்கவில்லை. அதற்குப் பிறகு வந்ததுதான் விசிறி துடைத்த ஞாயிற்றுக்கிழமை. யாரிடம் கேட்கப்போகிறார் என்று கேட்க அவளுக்கு மூன்று மணி நேரம் இருந்தது. திருகாணியைத் தேடினாள்.

அடக்கம் முடிந்து வந்தவர்கள் போனபிறகு, கடைசித் திகதிக்குக் காலண்டரில் பதினாறு நாள் மிச்சம் இருந்தது. தானியா லீவைக் கூட்டிப் போட்டாள். பகலில் தேவாலயக் கடிதம், மரணப் பதிவு, வங்கி. அது முடிந்த நேரமெல்லாம், வீட்டுக்குள் பட்டறைச் சுவரோரம் இருந்த கணினிக்கு முன்னால். மூன்று திருகாணியில் விசிறி ஆடிக்கொண்டே ஓடியது.

விவசாயியின் வசனத்தை முறையாகத் தேடினாள். வரைபடக் கோப்பின் ஒவ்வொரு கட்டளையையும் திறந்து பார்த்தாள். பழைய பதிப்புகள் நாற்பதையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டாள். கணினியில் வேறு குறிப்பு ஏதும் உண்டா என்று பார்த்தாள். எஞ்சின் படங்கள் இருந்தன, அவளுடைய பட்டமளிப்புப் படம் இருந்தது, அப்பம் என்று பெயர் வைத்துச் சேமித்த முதல் பரிசு வரைபடம் இருந்தது. வசனம் இல்லை. விவசாயியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வட்டைக்காரன் என்று மட்டும் இருந்தது.

தகப்பனின் போனை எடுத்தாள். அதில் ஆட்களின் பெயர்களே இல்லை. 'சித்தாண்டி நீலப் பம்ப்', 'கரடியனாறு இரண்டு இஞ்ச் பம்ப்', 'வவுணதீவு கார்பரேட்டர்', 'சவுக்கடி பழைய எஞ்சின்' என்று ஊரும் சாமானுமாக நூற்றெண்பது எண்கள். வயல்காரர் யார், மீனவர் யார் என்று பிரிக்கவே ஒரு மத்தியானம் போனது. சித்தாண்டி நீலப் பம்புக்கு எடுத்தாள்.

"டெரிக் ஐயாட மகளா? ஐயோ, தங்கமான மனிசன். இப்பவும் நம்பேலாமக் கிடக்கு." கொஞ்சம் பொறுத்து, "அது சரி புள்ள, என்ட பம்ப் என்ன மாதிரி?"

"பாத்துச் சொல்லுறன் ஐயா. டடா உங்களிட்ட ஏதும் கேட்டாரா? முகத்துவாரம் வெட்டுறதப் பத்தி?"

"முகத்துவாரமா? இப்ப வெயில் காலம் புள்ள. இப்ப ஆரு வெட்டப்போற?"

கரடியனாற்றுக்காரர் அழுதார். அழுது முடித்துப் பம்பைக் கேட்டார். மூன்றாவது ஆள் இழவு வீட்டுக்கு வர முடியாததற்குக் காரணம் சொல்லத் தொடங்கி, அவளால் இடைவெட்ட முடியாமல் இருபது நிமிடம் பேசினார். அதற்குமேல் அவளுக்கு முடியவில்லை. போனை மேசையில் வைத்துவிட்டாள்.

முப்பதாம் திகதி தனோஜன் வந்தான். "அக்கா, சும்மா எதயாவது எழுதி அனுப்புவம். அங்கிள் கோவிக்கமாட்டார்."

"கோவிப்பார்."

"ஓம், கோவிப்பார். ஆனா அந்த வரி போயிருமே."

அவள் எழுதிப் பார்த்தாள். ஆறு வசனம் எழுதினாள். ஆறும் அவள் கந்தோரில் எழுதும் பிழை அறிக்கைகளைப் போல இருந்தன. விவசாயி சேற்றுக்காலோடு இவ்வளவு தூரம் நடந்து வந்து இதையா சொல்வார்? ஏழாவதைப் பாதியில் அழித்தாள்.

முப்பத்தோராம் திகதி மத்தியானம், அந்த விவசாயியை வரைபடத்திலிருந்து எடுத்தாள். அவர் நடந்து வரும் பாதையையும் வள்ளத்தையும் எடுத்தாள். தொடக்கத் திரையில் ஆங்கிலத்தில் ஒரே வசனம் போட்டாள்: தண்ணீர் ஏறும்போது மணல்மேட்டை வெட்டுங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அனுப்பினாள்.

மாலையே பதில் வந்தது. மூன்றாவது நடுவர் எழுதியிருந்தார்: இப்போது தெளிவாக இருக்கிறது. அருமையான யோசனை. என் பழைய குறிப்பை நீக்கிவிட்டேன். திருத்தியதற்கு நன்றி, டெரிக்.

தானியா அந்தக் கடைசிச் சொல்லைப் பார்த்தபடி இருந்தாள். நினைத்தது நடந்துவிட்டது. தகப்பன் வேண்டாம் என்று சொன்ன அதே வசனத்தோடு, அவருடைய பெயரில், இனி மாற்ற முடியாத இடத்தில் வரைபடம் போய் உட்கார்ந்துவிட்டது. அவருக்கும் அவளுக்கும் நடந்த சண்டையில் அவள் வென்றுவிட்டாள். எதிரில் ஆள் இல்லாமல்.

மறுநாள் காலையில் லோர்னா பட்டறைச் சாவியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அடக்கத்துக்குப் பிறகு பட்டறையை யாரும் திறக்கவில்லை.

"இடைப்போக விதைப்பு தொடங்குது. பம்ப் கேட்டு ஆக்கள் வாசலுக்கு வந்து போறாங்க," என்றாள். "உன்ட டடாவ நினைச்சு நாம பூட்டி வெச்சா, அதுகள் தண்ணிக்கு என்ன செய்யிற? முடிஞ்ச சாமானப் பாத்துக் குடுத்துவிடு. மூல இல்லாத அட்ட எண்டா முடிஞ்சிது."

தனோஜனும் வந்தான். கதவைத் திறந்ததும் பெற்றோல் மணம் வந்தது. தானியா கதிரையைப் பார்க்காமல் நேரே சாமான்களிடம் போனாள். பதினேழு இருந்தன. ஒவ்வோர் அட்டையாகப் பார்த்து, தனோஜனிடம் சொல்லிக்கொண்டே போனாள். சித்தாண்டி, நீலப் பம்ப், மூலை இல்லை, முடிந்தது. கரடியனாறு, சீல் மாற்ற வேண்டும், மூலை இருக்கிறது. சவுக்கடி, எஞ்சின், முடிந்தது.

கதவோரமாக, வெளியே கொண்டுபோகத் தோதாக, ஒரு சிவப்புப் பம்ப் வைக்கப்பட்டிருந்தது. துடைத்து, எண்ணெய் விட்டு, பிடியில் கயிறும் கட்டியிருந்தது. தனோஜன் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தான். முதல் இழுவையிலேயே ஓடியது.

"இது முடிஞ்ச சாமான் அக்கா."

"அட்டையப் பாரு."

அவன் குனிந்து பார்த்தான். நிமிரவில்லை. பம்பை நிறுத்தினான்.

"அக்கா, நீங்களே வந்து பாருங்க."

மருந்துப் பெட்டி அட்டை. முன்பக்கம் வழக்கம்போல: 'அழகரத்தினம், வவுணதீவு. கார்பரேட்டர் அடைப்பு. சரி.' பின்பக்கம், இடம் போதாமல் எழுத்தைச் சிறிதாக்கி எழுதியிருந்தது. பென்சில் கோடு அழுந்தி மறுபக்கம் தெரிந்தது.

'நானே கொண்டுபோய்க் குடுக்க. குடுக்கக்குள்ள கேட்க: தண்ணி எதுமட்டும் வந்தா வெட்டச் சொல்லிப் போவீங்க? வாசல்ல நிண்டு முதல்ல என்ன சொல்லுவீங்க? அவர் சொல்லுறத அப்பிடியே எழுதணும். தானியா அனுப்புவாள்.'

கணினிக்குள் அவள் பதினாறு நாள் தேடியது, சுவருக்கு அந்தப் பக்கம் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. வேலை என்று வந்தால் அவர் எதை எங்கே எழுதுவார் என்று அவளுக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். தெரிந்ததைத்தான் திரும்பவும் பார்க்காமல் விட்டிருந்தாள்.

"வவுணதீவு என்ன, பாலத்தக் கடந்தா அரை மணித்தியாலம்," என்றான் தனோஜன். சொன்னபிறகுதான், கடைசித் திகதி நேற்றோடு முடிந்தது நினைவுக்கு வந்து, பம்பின் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினான்.

தானியா அட்டையைக் கம்பியிலிருந்து கழற்றவில்லை. விரலால் சுற்றிவரத் தடவிப் பார்த்தாள். நான்கு மூலையும் அப்படியே இருந்தன.